நிலவைச் சக்கரத்தில் ஏற்றிய கதை

1872 ஆகஸ்ட் மாதம். பிரைட்டன் நகரில் நடக்கவிருந்த அறிவியல் மாநாட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர். ஏறி இறங்கும் பல அசைவுகளை ஒன்றாகக் கூட்டித் தரும் கருவி ஒன்றை எப்படிச் செய்வது என்பதுதான் அவருடைய கவலை. உடன் வந்த பொறியாளர் போஷாம்ப் டவர் ஒரு யோசனை சொன்னார். வீட்ஸ்டோனின் தந்திக் கருவியில் ஒரே சங்கிலி பல கப்பிகளைச் சுற்றி ஓடுமே, அதையே பயன்படுத்தினால் என்ன? கடல் ஓதத்தை முன்கூட்டிச் சொல்லும் இயந்திரம் கருக்கொண்டது அந்த ரயில் பெட்டியில்தான்.

ஓதம் ஏன் வருகிறது என்பதை 1687இலேயே நியூட்டன் விளக்கிவிட்டார். நிலவின் ஈர்ப்பு பூமி முழுவதும் ஒரே அளவில் இல்லை. நிலவைப் பார்த்த பக்கத்து நீரை அது அதிகமாக இழுக்கிறது. பூமியின் நடுவைச் சற்றுக் குறைவாக. மறுபக்கத்து நீரை இன்னும் குறைவாக. அதனால் இரு பக்கமும் நீர் மேடிடுகிறது. அந்த இரண்டு மேடுகளுக்கும் அடியில் பூமி சுழல்வதால், பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நிலவும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே இன்றைய ஏற்றம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். சூரியனும் இழுக்கிறது, நிலவின் வலுவில் பாதிக்கும் சற்றுக் குறைவாக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் பெரிது. அஷ்டமியை ஒட்டிச் சிறிது.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் கப்பலோட்டிக்கு அது போதாது. எந்தத் துறைமுகத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம் இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கரையின் வளைவும் கடலடியின் ஆழமும் நீரை இஷ்டத்துக்குத் திருப்பிவிடுகின்றன. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தாலே அதிகம். குஜராத்தின் பாவ்நகரில் அது பத்து மீட்டரை எட்டும். மேலே இருப்பது அதே நிலவுதான்!

இங்கேதான் தாம்சனின் மேதைமை எனக்குப் பிரமிப்பைத் தருகிறது. ஓதம் என்பது பல தாளங்களின் கூட்டு என்று அவர் கண்டார். நிலவுக்கு 12 மணி 25 நிமிடத் தாளம், சூரியனுக்குச் சரியாக 12 மணி. நிலவு அருகில் வந்து விலகுவதற்கும் வடக்கே தெற்கே சாய்வதற்கும் தனித் தாளங்கள். இந்தத் தாளங்களின் கால அளவு எந்தக் கடலிலும் மாறாது. ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எப்போது உச்சம் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதைத் துறைமுகத்தின் பழைய நீர்மட்டப் பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்துவிடலாம்.

பிரித்ததை மறுபடி கூட்டுவதற்குத்தான் இயந்திரம். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பல்சக்கரமும் அதோடு ஏறி இறங்கும் ஒரு கப்பியும். எல்லாக் கப்பிகளையும் சுற்றி ஒரே கம்பி. ஒரு முனை அசையாமல் கட்டப்பட்டிருக்கும், மறுமுனையில் பேனா. கைப்பிடியைச் சுழற்றினால் வரப்போகும் ஓதத்தைப் பேனா காகிதத்தில் வரையும். முதல் இயந்திரத்தில் பத்துத் தாளங்கள். ஓர் ஆண்டின் ஓதத்தைச் சுமார் நான்கு மணி நேரத்தில் வரைந்தது.

இரண்டாவது பெரிய இயந்திரம் இந்தியாவுக்காகவே பிறந்தது. தாம்சனோடு கணக்குப் போட்ட எட்வர்ட் ராபர்ட்ஸ் 1879இல் அதை வடிவமைத்தார். நம் துறைமுகங்களின் ஓத அட்டவணை லண்டனில் சுழன்ற அந்தச் சக்கரங்களிலிருந்துதான் வந்தது.

அதே ராபர்ட்ஸ் 1906இல் செய்த இன்னொரு இயந்திரம் இரண்டாம் உலகப்போரின்போது லிவர்பூல் அருகே பிட்ஸ்டனில் ஆர்தர் டூட்சனிடம் இருந்தது. 1943 அக்டோபரில் கடற்படையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினொரு தாளங்களின் எண்கள் மட்டும். ஊர்ப்பெயர் இல்லை, ‘இடம் இசட்’ என்ற குறிப்பு மட்டும். அது நேசநாட்டுப் படைகள் இறங்கவிருந்த நார்மண்டிக் கரை. ஏற்றத்தில் நீருக்குள் மறையும் தடைகளை ஜெர்மானியர் அங்கே நட்டிருந்தனர். நீர் வற்றி மறுபடி ஏறத் தொடங்கும் வேளை விடிந்த சற்று நேரத்தில் வர வேண்டும். அப்போதுதான் தடைகள் கண்ணுக்குத் தெரியும், அகற்றவும் முடியும். சக்கரங்கள் தந்த கணக்கில் அடுத்த ஆண்டு ஜூன் 5, 6, 7 தேறின. 6ஆம் தேதி படைகள் கரையேறின. அன்று பௌர்ணமி.