வெண்மை பூத்த வயல்கள்

பண்டைய மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள். அதைச் சிதைத்தது ஆலைப்புகை சூழ்ந்த நம் காலமே என்பது பரவலான நம்பிக்கை. எழுத்தும் நகரமும் கண்ட உயர்ந்த நாகரிகம் ஒன்று, மண்ணுக்குச் சுமையாகாமல் வாழ்ந்திருக்க முடியுமா? இரு ஆற்றுவெளிகள் இருவேறு விடைகள் தருகின்றன.

முதலாவது, ஆபிரகாமின் வரலாற்றில் நாம் அறிந்த 'ஊர்' என்னும் நகர் இருந்த சுமேரியா. யூப்ரத்தீசு, திக்ரிசு ஆறுகளிலிருந்து கால்வாய் வெட்டி, வறண்ட சமவெளியை அம்மக்கள் கழனியாக்கினர். ஆனால் தட்டையான அந்நிலத்தில் பாய்ந்த நீர் வடிய வழியில்லை. நிலத்தடி நீர் மேலேறி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. கி.மு. 3500 அளவில் கோதுமையும் வாற்கோதுமையும் ஏறத்தாழச் சமமாக விளைந்தன, கி.மு. 2100 அளவில் கோதுமையின் பங்கு நூற்றுக்கு 2 ஆகச் சுருங்கிற்று என்று ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்னும் அறிஞர்கள் 1958இல் எடுத்துக்காட்டினர். உப்பைத் தாங்க வல்லது வாற்கோதுமையே. அவர்கள் தந்த கணக்குகளைப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். எனினும் நிலம் உவர்ப்பட்டதை அக்காலக் களிமண் ஏடுகளே குறிக்கின்றன.

அறியாமையால் கெட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஓராண்டு விதைத்து, மறு ஆண்டு நிலத்தைத் தரிசாக விடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. தரிசில் முளைத்த ஆழவேர்ச் செடிகள் நிலத்தடி நீரை உறிஞ்சித் தாழ்த்தின. ஆள்வோர் மிகுதியாகத் தானியம் கேட்டபோது அந்த ஓய்வு குறைந்தது. கேடும் விரைந்தது என்பது ஆய்வாளர் சிலரின் முடிவு.

இரண்டாவது, எகிப்து. ஆண்டுதோறும் பெருகிய நைல், வரப்பு கட்டிய வயல்களில் வாரக்கணக்கில் தேங்கி, வண்டலைத் தந்து, வடியும்போது உப்பைக் கழுவிச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் ஆண்டு முழுதும் நீர் பாய்ச்சும் முறை பரவும் வரை, ஏறத்தாழ 5000 ஆண்டுகள் அம்மண் வளம் குன்றவில்லை. ஆயினும் எகிப்தியரின் கை லெபனோன் மலைவரை நீண்டது. 1954இல் கீசாவில் கண்டெடுக்கப்பட்ட, கூஃபு மன்னனின் 43 மீட்டர் நீளப் படகு, அம்மலையின் கேதுரு மரத்தால் ஆனது. தன் வயலைக் காத்த நாடு அயலான் காட்டைக் காக்கவில்லை.

ஆக, முன்னோரெல்லாம் புனிதருமல்லர். மேன்மையடைந்த நாகரிகம் மண்ணைக் கெடுத்தே தீரும் என்பதும் உண்மையன்று. எகிப்தின் வளம் பெரிதும் ஆறு தந்த கொடை. சுமேரியருக்கு அக்கொடை இல்லை. மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்ற அறிவு இருந்தது. களஞ்சியத்தின் பசி, அறிவைக் காத்திருக்கச் சொல்லிற்று. மண் காத்திருக்கவில்லை. நம்மிடமும் அறிவுக்குக் குறைவில்லை. நாம் எதைக் காத்திருக்கச் சொல்கிறோம்?