கழுத்து வெட்டில் தொடங்கிய நோட்டு

ஒரு பனியனில் முதலில் கழிவது கழுத்துப் பகுதிதான். திருப்பூர் கட்டிங் மேசையில் அடுக்கடுக்காக விரித்த துணிமேல் மின்கத்தி வளைந்து திரும்பும் இடமெல்லாம் ஒரு பிறைத் துண்டு விழும். கழுத்துக்கு ஒன்று, இரண்டு கைகளுக்கும் ஆளுக்கொன்று, ஓரங்களில் நீள நீளமான நாடாக்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் சாக்கில் ஏறிவிடும். அந்த ஊரில் இதற்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். நான் சொல்லவந்த நோட்டுப் புத்தகத்தின் மேலுறை அப்படி ஒரு சாக்கில் கிடந்ததுதான்.

சாக்குக்கு மூன்று வழிகள் உண்டு. நிறம் கலந்த துண்டுகள் லேத் பட்டறைகளுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் எண்ணெய்க் கை துடைக்கப் போகும். பெரும்பங்கு ஓஇ (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களுக்குப் போகும். கோவை, பல்லடம், உடுமலை வட்டாரங்களில் இந்த மில்கள் நிறைய. துண்டைக் கிழித்துப் பஞ்சாக்கி, பஞ்சை மறுபடி மொத்த நூலாக்கி, துண்டும் போர்வையும் நெய்ய அனுப்புவார்கள். மூன்றாவது வழி ஒற்றையடிப் பாதை. கலப்பில்லாத வெள்ளைப் பருத்தித் துண்டுகள் மட்டும் பொறுக்கப்பட்டுக் கைக்காகிதக் கூடங்களுக்குப் போகும். இந்தியாவில் கையால் செய்யும் காகிதத்துக்குப் பனியன் துண்டுதான் முக்கியமான கச்சாப்பொருள். மரத்தை வேகவைத்து அதன் பிசினைப் பிரிக்கும் வேலை இதில் இல்லை. பருத்தி இழை ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். போதாததற்கு, துணி ஆலைக்காரர்களே அதை வெளுத்தும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வெளுப்பின் விலை வேறு கணக்கு. நொய்யல் ஆறு சாயக்கழிவால் நாசமாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை திரும்பத் திறந்தன. 'இயற்கைக் காகிதம்' என்று முத்திரை குத்திய நோட்டைக் கையில் எடுக்கும்போது இந்த ஆற்றையும் நினைத்துக்கொள்வது நல்லது. பருத்தித் தாள் மரத்தை வெட்டவில்லை என்பது உண்மை. அதற்கு முன்னால் அது குடித்த தண்ணீரும் உண்மை.

இப்போது துண்டு பொறுக்குகிறவர்களுக்குப் பெரிய தலைவலி லைக்ரா. உடம்போடு ஒட்டும் பனியன்களில் நூறு பங்குக்கு நாலைந்து பங்கு ரப்பர் மாதிரி இழுபடும் இழை கலந்திருக்கும். அது அரைபடாது. கூழில் முடிச்சாகச் சுருண்டு தாளில் பருவாக எழும்பும். பாலியஸ்டரும் இதே ரகம். ஆகவே ஒவ்வொரு துண்டையும் கையால் இழுத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

காதிக்குப் பேர்போன திருப்பூரிலிருந்து கைக்காகிதத்துக்குப் போவது ஒன்றும் தொலைதூரம் இல்லை. இரண்டும் ஒரே இயக்கத்தின் பிள்ளைகள். 1934இல் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. வார்தாவில் அவர் மீட்டெடுக்க முயன்ற தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நமக்குப் பக்கத்தில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதக் கூடம் 1959இலிருந்து ஓடுகிறது. பூவிதழும் புல்லும் பதித்த தாள்களை முதலில் நம் கண்ணில் காட்டியது பெரும்பாலும் அந்தக் கூடந்தான்.

கூடத்துக்குள் துண்டு முதலில் இன்னும் பொடியாக நறுக்கப்படும். பிறகு பீட்டர் எனும் நீள்வட்டத் தொட்டியில் தண்ணீரோடு சுற்றிச்சுற்றி வரும். தொட்டியின் ஒரு பக்கம் கத்திகள் பதித்த உருளை. அடியில் கத்திகள் பதித்த படுகை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கண்டுபிடித்த இந்த அமைப்பு இன்னும் அதிகம் மாறவில்லை. இங்கே நடப்பது நறுக்குவதைவிட நசுக்குவதுதான். இழை நசுங்கி அதன் மேல்தோல் உரிந்து மயிர்மயிராகக் கிளம்ப வேண்டும். அந்த மயிர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் காகிதம். பசை எதுவும் தேவையில்லை. அரைத்தது குறைந்தால் தாள் பஞ்சுபோல் பிரியும். கூடினால் முறுகிச் சுருங்கும். மாவரைக்கிறவர் விரலால் பதம் பார்ப்பதுபோல, அனுபவப்பட்டவர் ஒரு குவளைத் தண்ணீரில் கூழைக் கரைத்து வெளிச்சத்தில் பிடித்தே சொல்லிவிடுவார்.

கூழைத் தொட்டியில் கரைத்து, கம்பிவலைச் சட்டத்தை முக்கி எடுத்து, நான்கு பக்கமும் ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கலில் இழைகள் எல்லாத் திசையிலும் விழுகின்றன. நீர் வடிந்த தாளைத் துணிமேல் கவிழ்த்து, துணியும் தாளுமாக அடுக்கி, பிரஸ்ஸில் நசுக்கி, கொடியில் காயப் போடுவார்கள். வழக்கமான முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். ஓரம் வெட்டாமல் விட்டால் பிசிறு நிற்கும். பிசிறுக்குக் காசு கூட.

நோட்டு தைக்கப் பழகும் பலரும் இந்தத் தாளைத்தான் உள்பக்கத்துக்கும் கேட்கிறார்கள். என் தீர்ப்பு: வேண்டாம். கைக்காகிதம் பார்க்க அழகு, தொட இன்பம், தினமும் எழுத இடைஞ்சல். தடிமன் அதிகம். நாலு தாள் மடித்தாலே முதுகு உப்பிவிடும். ஈரம் உறிஞ்சாமலிருக்கச் சரியாகச் சைஸிங் செய்யாத தாளில் ஊற்றுப்பேனா மை வேர்விட்டுப் பரவும். முனை பஞ்சைக் கிளப்பும். அதனால்தான் இந்த நோட்டில் பனியன் துண்டு மேலுறையாகவும் அட்டையின் உள்ளே ஒட்டும் தாளாகவும் நின்றுகொண்டது. எழுதும் பக்கங்கள் கரூரிலிருந்து வந்தன.

கரூர் மாவட்டம் புகளூர் பக்கம் காகிதபுரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கே 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துத்தான் ஆலையை ஓட்டிவந்தன. சக்கையைக் கொடுங்கள், எரிக்க வேறு எரிபொருள் தருகிறோம் என்ற பண்டமாற்றில் இந்த ஆலை நிற்கிறது. இன்னும் மேலே, ஈரோட்டுக்கு அக்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. இரண்டும் காவிரிக் கரை. கொங்கு நாட்டில் பள்ளிக்கூடம் போன பலரும் இந்த இரண்டில் ஒன்றின் தாளில் எழுதியிருப்பார்கள், பெயர் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆலைத் தாளுக்கும் கைத்தாளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தைக்கிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். ஓடும் எந்திர வலைமேல் கூழ் விழும்போது இழைகள் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடும். அந்தத் திசையோடு மடித்தால் தாள் பேசாமல் மடியும். குறுக்கே மடித்தால் முறைக்கும், பிளக்கும், பசை பட்டதும் அலையலையாக எழும்பும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் திசை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு குறுக்கே விழுகிறது. ஆகவே ஏ4 கட்டை வாங்காதீர்கள். அச்சகத்துக்குத் தாள் விற்கும் கடையில் டெம்மி அளவு மேப்லித்தோ தாள், 70 அல்லது 80 ஜிஎஸ்எம் கனத்தில் கேட்டு வாங்கி, வெட்டும் திசையைச் சொல்லி வெட்டி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அதுதான் மடிக்கும் பக்கம்.

நான்கு தாள் சேர்த்து மடித்தால் ஒரு பாரம், 16 பக்கம். எட்டுப் பாரம் 128 பக்கம். ஒரு வருஷத்துக் குறிப்புக்குத் தாராளம்.

தையலைச் சொல்லிக்கொடுத்தவர் கோவை டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் வேலை செய்த ஒரு பைண்டர். மண்டிக் கணக்குப் பேரேடுகள் தைத்தே கை காய்த்தவர். நூலகங்களுக்கு வரும் புத்தகங்களைப் பக்கவாட்டில் துளையிட்டுக் குத்தித் தைப்பதைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "ஏனுங்க, நோட்டுன்னா தெறந்து வச்சா அப்படியே படுக்கோணுங்க. கையில அமுக்கிப் புடிச்சுட்டே எழுதறதுக்கு அதென்ன மாடா?" பேரேடு அப்படித்தான் படுக்கும். பகலெல்லாம் திறந்தே கிடக்கும் புத்தகம் அது. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் கோவைப் பஞ்சு வியாபாரியிடமும் சிவப்புத் துணி போர்த்திய சிட்டையும் பேரேடும் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்த காலத்தில் இவருக்குச் சாப்பிட நேரமிருக்காதாம். கணினி வந்தது, பிறகு 2017இல் ஜிஎஸ்டி வந்தது. இப்போது அவரிடம் வருகிறவர்களில் பாதி, என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள்.

பாரங்களின் முதுகில் ஒரே அளவில் துளையிட்டு, நடு மடிப்பு வழியே நூல் உள்ளே வெளியே ஓடும். முதுகில் குறுக்கே வைத்த பருத்தி நாடாக்களைச் சுற்றிக்கொண்டு, ஓரத்தில் முந்தைய பாரத்தின் தையலுக்கு அடியில் புகுந்து ஒரு முடிச்சு. நூல் வழவழப்பாக ஓடவும் போட்ட இடத்தில் நிற்கவும் தேன்மெழுகில் இழுக்க வேண்டும். நீலகிரியில் குறும்பர்கள் பாறைத் தேன் எடுக்கும்போது கிடைக்கும் மெழுகு கோத்தகிரியிலும் கோவைக் கடைகளிலும் வாங்கலாம். வெளிநாட்டுக் கையேடுகள் லினன் நூல் கேட்கும். நூற்பாலைகளின் ஊரில் நல்ல முறுக்குள்ள பருத்தி நூலுக்கா பஞ்சம்? சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் வேறென்ன செய்துகொண்டிருக்கிறது?

பசைக்குச் சேலம் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆத்தூர், ராசிபுரம் வழியெல்லாம் இன்று ஆலைகள். ஜவ்வரிசியோடு வரும் ஸ்டார்ச் மாவுதான் தறிகளில் பாவுக்குக் கஞ்சியாகவும் போகிறது. அதைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறினால் காகிதத்துக்கு அருமையான பசை. ஃபெவிகால் முதுகுக்கு நல்லது, வளைந்துகொடுக்கும். தாளுக்கும் துணிக்கும் ஸ்டார்ச்தான். பிற்காலத்தில் யாராவது பிரித்துத் தைக்க வேண்டுமென்றால் ஈரம் காட்டினால் விட்டுவிடும், ஃபெவிகால் விடாது. ராமபாணப் பூச்சிக்காகப் பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் செய்ய வேண்டாம். பசையைக் கொஞ்சமாகக் கிளறி அன்றன்றைக்கே தீர்த்துவிடுவது மேல்.

அட்டை, பழைய காகிதத்தை அரைத்துச் செய்த சாம்பல் நிற போர்டு. பவானி ஆறு ஓடும் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் பழந்தாளிலிருந்து அட்டை செய்யும் பெரிய ஆலையே இருக்கிறது. முதுகுக்குத் துணி வேண்டும். பவானி ஜமக்காளத்தைப் பலர் ஆசையோடு எடுத்துவருகிறார்கள். மூலையில் மடிக்க முடியாத தடிமன் அது, தரையிலேயே இருக்கட்டும். கிழிந்த நெகமம் பருத்திச் சேலையின் முந்தானை அளவுக்குப் பொருத்தமான துணி வேறு நான் பார்க்கவில்லை. பின்னால் மெல்லிய தாளை ஒட்டிக் காயவைத்த பிறகுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பசை துணி வழியே கசிந்து திட்டுத் திட்டாகத் தெரியும்.

துணியும் மேலுறையும் ஒட்டிய அட்டை காயும்போது வெளிப்பக்கமாக வளையும், காயும் உறை இழுப்பதால். உள்பக்கம் பனியன் தாளை ஒட்டியதும் அது எதிர்த்திசையில் இழுத்து நிமிர்த்தும். இந்த இழுபறி முடியும்வரை நோட்டு கனத்தின் அடியில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நாள் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஆனி ஆடியில் இரண்டு மூன்று நாள் ஆகும், நடுவில் உறிஞ்சும் தாளை மாற்ற வேண்டும். கனத்துக்கு என்ன செய்வது என்று கோவைக்காரர் கேட்கக் கூடாது. புவிசார் குறியீடு வாங்கிய வெட் கிரைண்டரின் கல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பலகைமேல் அதைத் தூக்கி வையுங்கள்.

கணக்குப் பார்த்தால் இந்த நோட்டில் கழிவாகவோ பழசாகவோ வராத பொருள் மெழுகு, நூல், நாடா, பசை மட்டுந்தான். பனியன் கழிவு, கரும்பு கழிவு, அட்டை பழந்தாள், துணி கிழிந்த சேலை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் 'கிட்'டுக்கு இங்கே வேலையில்லை. நடுவிரல் அளவு ஊசி, ஒரு குத்தூசி, இழைத்த மூங்கில் பட்டை, இரும்பு ஸ்கேல், கத்தி. ஒரு பைண்டரிடம் சில மாலைகள்.

நோட்டு நிரம்பிய பிறகும் பயணம் முடியவில்லை. வைத்துக்கொள்ள மனமில்லாத நோட்டைப் பழைய பேப்பர்க் கடையில் போடும் நாள் வந்தால், முதுகுத் துணியைக் கிழித்து எடுத்துவிட்டுத் தாளை மட்டும் கொடுங்கள். துணி கலந்தால் அரைக்கும் தொட்டியில் கயிறாக முறுக்கிக்கொள்ளும், கடைக்காரருக்கும் ஆலைக்கும் தொல்லை. தனியாகக் கொடுத்த தாள் இன்னொரு நோட்டுக்கு அட்டையாகும்.