காவல்காரனா, கூட்டாளியா? - காம்ப்ளிமென்ட்டும் புற்றுநோயும்

பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், அடுத்தடுத்த கண்ணிகள் தாமாகவே பிரிந்துகொண்டு போகும். தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறி கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம் இரத்தத்திலும் இப்படி ஒரு சங்கிலி இருக்கிறது. ஒரு புரதம் விழித்தால் அது அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். முப்பதுக்கும் மேற்பட்ட இந்தப் புரதங்களின் கூட்டத்துக்குத்தான் காம்ப்ளிமென்ட் என்று பெயர்.

இதன் கதை காலராவில் தொடங்குகிறது. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலரா கிருமியைப் பிரித்தெடுத்தார். 1895-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல்ஸ் போர்டே அதே கிருமியை வைத்து ஒரு சோதனை செய்தார். தடுப்பூசி போட்ட விலங்கின் சீரம் கிருமியைக் கொன்றது. 55 டிகிரிக்குச் சூடாக்கியதும் அந்தச் சக்தி போய்விட்டது. தடுப்பூசி போடாத விலங்கின் புதிய சீரத்தைக் கொஞ்சம் சேர்த்ததும் திரும்பி வந்தது! ஆக, சீரத்தில் இருப்பது இரண்டு பொருட்கள். சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்று, தாங்காத துணைப்பொருள் மற்றொன்று. துணைப்பொருளுக்கு காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தவர் பால் எர்லிக். போர்டேக்கு 1919-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1997-ல் அமெரிக்காவில் ரிடுக்ஸிமேப் என்ற எதிர்ப்பொருள் மருந்து ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அது புற்றுசெல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து காம்ப்ளிமென்ட் வந்து செல்லில் ஓட்டை போடும். மருந்து செயல்படும் வழிகளில் இது ஒன்று. ஆனால் விலையோ எட்டாத உயரம். 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் அதையொத்த ரெடிடக்ஸ் மருந்தை ஏறத்தாழ பாதி விலைக்குக் கொண்டுவந்தது. சாதாரணக் குடும்பங்களுக்கு அப்போதும் அது பெரிய தொகைதான். என்றாலும் வழி திறந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புற்றுசெல்கள் சும்மா இருப்பதில்லை. சிடி55, சிடி59 போன்ற புரதங்களைக் கேடயமாகப் போர்த்திக்கொண்டு காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கின்றன. அதைவிட வேடிக்கை 2008-ல் தெரியவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது, சி5ஏ என்ற காம்ப்ளிமென்ட் துண்டு கட்டிக்கே உதவியது! நோயெதிர்ப்பை அடக்கும் செல்களை அது கட்டிக்குள் அழைத்துவந்தது. அதன் வழியை அடைத்ததும் கட்டியின் வளர்ச்சி மந்தமானது. மனிதர்களிடமும் இந்த வழி சோதிக்கப்பட்டது, ஆனால் எலியில் கண்ட வெற்றி இன்னும் கைகூடவில்லை.

ஓரிடத்தில் தூண்டிவிட வேண்டும், வேறிடத்தில் அடக்கி வைக்க வேண்டும். எந்த நோயாளிக்கு எது என்று பிரித்தறிவதுதான் இனி மீதமுள்ள வேலை.