எதிரொலிக்கு ரெண்டு கடிகாரம்

சாம்ப்ளர் வெச்சு பீட் பண்ற பசங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "என் மெஷின்ல எக்கோ தாளத்துல கரெக்டா விழுது. அதையே ரெக்கார்ட் பண்ணி இன்னொரு மெஷின்ல போட்டா, சிங்க் ஆன்ல இருந்தும் எக்கோ தாளத்தை விட்டு விலகுது. ஏன்?" பதிலுக்கு 50 வருஷம் பின்னாடி போகணும்.

1974-ல் ரோலண்ட் கம்பெனி ஸ்பேஸ் எக்கோ ஆர்இ-201ஐக் கொண்டு வந்தது. உள்ளே ஒரு டேப் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு ஹெட் பதியும், கொஞ்சம் தள்ளி இருக்கிற ஹெட் படிக்கும். டேப் அந்த இடைவெளியைக் கடக்கிற நேரம்தான் எக்கோ. தாளத்தோட சேர்க்கணும்னா மோட்டார் வேகத்தைக் கையால திருகி, காதால பிடிக்கணும். மெஷினுக்குத் தாளம்னா என்னன்னே தெரியாது.

தாளத்தை மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது கிளாக். 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங், சினிமா பாட்டுகளுக்கு வாசிச்சுக்கிட்டிருந்த கலைஞர், ஒரு ஆல்பம் பண்ணார். பேரு 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அவர் கையில் ரோலண்டோட டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர். 808-லிருந்து 303-க்கு ஒரு கேபிள் போட்டா, ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு போகும். ரெண்டு மெஷினும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி நடக்கும். ஆல்பம் அப்போ பெருசா கவனிக்கப்படலை. 2010-ல் மறுபடி வெளியானப்போ, 1987-ல் சிகாகோவில் வந்த ஆசிட் ஹவுஸ் இசை மாதிரியே இருக்கேன்னு உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனா அந்தக் கேபிள் ரோலண்ட் பேசுற மொழி. வேற கம்பெனி மெஷினுக்குப் புரியணும்னு இல்லை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸோட பிராஃபெட்-600ஐயும் ரோலண்டோட ஜூபிடர்-6ஐயும் ஒரே கேபிளில் இணைச்சுக் காட்டினாங்க. அதுதான் மிடி. டேவ் ஸ்மித்தும் இகுதாரோ ககேஹாஷியும் முன்னே நின்னு கொண்டு வந்தது. யார்கிட்டயும் ராயல்டி கேட்கலை. மிடி கிளாக்கும் ஒரு பீட்டுக்கு அதே 24 துடிப்புதான். இதுல கவனிக்க வேண்டியது, "டெம்போ 120"னு எண் எதுவும் அதுல போகாது. வெறும் டிக், டிக். வாங்குற மெஷின்தான் இடைவெளியை அளந்து வேகத்தைப் புரிஞ்சுக்கணும். பத்து வருஷத்தில் கோடம்பாக்கத்திலும் இந்தக் கேபிள் சாதாரணமாயிடுச்சு. 1992-ல் 'ரோஜா' வந்தப்போ, ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் சீக்வென்ஸர் வெச்சு வேலை செய்ற ஆள்.

சரி, தாளத்துக்கு ஒரு கடிகாரம் ஆச்சு. ரெண்டாவது கடிகாரம் ஒலிக்கு. டிஜிட்டல்ல ஒலியை செகண்டுக்கு இத்தனை தடவைன்னு அளந்து எண்ணாக்குவாங்க. அதுதான் சாம்பிள் ரேட். சிடிக்கு 44,100. ஏன் இந்த விநோத எண்? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமிச்சாங்க. ஜப்பான், அமெரிக்கா முறையில் செகண்டுக்கு 60 ஃபீல்டு, ஒவ்வொண்ணுலயும் 245 கோடு, கோட்டுக்கு 3 சாம்பிள். நம்ம ஊர் டிவி முறையில் 50 ஃபீல்டு, 294 கோடு, 3 சாம்பிள். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, 44,100. வீடியோ பக்கம் பின்னாடி 48,000 நிலைச்சது. இன்னைக்கும் ரெண்டும் புழக்கத்தில் இருக்கு.

இப்போ எக்கோவுக்கு வருவோம். 120 டெம்போவில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். 48,000-ல் அது 24,000 சாம்பிள். அந்த ஃபைலை 44,100-ல் பூட்டின மெஷினில் மாத்தாம அப்படியே போட்டா, 24,000 சாம்பிளை வாசிக்க 544 மில்லிசெகண்ட் ஆகும். மிடி கிளாக் 120-லேயே டிக் அடிக்கும், எக்கோ 110.25 டெம்போவில் நடக்கும். நாலாவது எதிரொலி வரும்போது 177 மில்லிசெகண்ட் தாமதம், சுருதியும் முக்கால் கட்டை கிட்ட இறங்கியிருக்கும். சிங்க் உடையலை. அது பார்த்துக்கிறது தாளத்தை மட்டும்தான்.

அப்போ ரேட்டைப் பூட்டி வைக்கிறது தப்பா? 1987-ல் வந்த இ-மு எஸ்பி-1200 ஒரே ரேட்தான், 26,040. 12 பிட், மொத்தமே 10 செகண்ட் மெமரி. நியூயார்க் ஹிப்-ஹாப் பசங்க 33 வேக இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிஞ்சு, மெஷினுக்குள்ள மெதுவாக்கி, மெமரியை மிச்சம் பிடிச்சாங்க. அந்தக் கரகரப்பே ஒரு காலத்தோட சத்தமாச்சு. பூட்டு என்னன்னு தெரிஞ்சுதான் அவங்க வேலை செஞ்சாங்க.

திருப்பூர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், ஸ்டிச்சிங் வேற இடம். எல்லாம் ஜாப் ஒர்க். டயாவும் ஜி.எஸ்.எம்.மும் எழுதிப் போறதாலதான் கடைசியில் ஒரு பனியனா சேருது. டயா சரியா இருந்து, சுருக்கத்தை யாரும் பார்க்கலைன்னா, முதல் சலவையில் தெரிஞ்சுடும். மிடி கிளாக் டயா மாதிரி. சாம்பிள் ரேட் சுருக்கம் மாதிரி.

அதனால ரெண்டு வேலை. கிளாக் அனுப்புற தலைமை மெஷின் ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், மத்ததெல்லாம் கேட்கட்டும். ஃபைலை ஏத்துறதுக்கு முன்னாடி மெஷினோட ரேட்டுக்கு மாத்துங்க. நண்பனுக்கு லூப் அனுப்பும்போது ஃபைல் பேரிலேயே டெம்போவையும் ரேட்டையும் எழுதிடுங்க. போட்டிக் கம்பெனிகளே உட்கார்ந்து பேசி ஒத்துக்கிட்ட விஷயம் இது. ஒரே தெருவில் இருக்கிற நாம ரெண்டு எண்ணை எழுதி அனுப்புறதுல என்னங்க கஷ்டம்?