குடற்காயமும் சத்திரவைத்தியமும்

பண்டைப் பாரதத்தின் பெருமை பேசும் மேடைகளிற் சுசுருதர் அறுந்த மூக்கைச் சீராக்கிய செய்தி தவறாது வரும். குடற்காயம் பற்றி அவர் நூல் கூறுவதை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. வயிறு கிழிந்து வெளிப்பட்ட குடலைப் பாலாற் கழுவி, நெய் தடவி, உள்ளே செலுத்துமாறு சுசுருத சங்கிதை விதிக்கின்றது. குடலே துளைபட்டிருப்பின், பெரிய கருவெறும்புகளை அக்காயத்திற் கடிக்கவிட்டு, அவற்றின் உடலை அறுத்தெறிந்து, கௌவிய தலையோடு குடலை உள்ளே விடுவதென்னும் முறையையும் குறிக்கின்றது. ஆயினும் அதனைத் தன் துணிபாகக் கூறாது, சிலருடைய கொள்கையென்றே கூறுகின்றது. அவ்வடக்கம் நம் மேடைப் பேச்சாளர்க்கும் வாய்த்தால் நன்று.

விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்தால் மட்டும் போதாது. எப்பக்கத்தை எப்பக்கத்தோடு சேர்ப்பதென்பதே உயிர்நிலை. இதனை 1826 இற் பாரிஸ் நகரத்து லெம்பேர்ட் விளக்கினார். குடலின் உட்தோல் உட்தோலோடு எளிதில் ஒட்டாது. அதன் வெளிப்போர்வையோ விரைவிற் பசையிட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே விளிம்புகளை உள்ளே மடித்து, போர்வையோடு போர்வை பொருந்தத் தைக்கவேண்டும். இன்றும் கையாற் குடல் தைப்போர் இவ்விதியைக் கைக்கொள்கின்றனர்.

தைக்கத் தெரிந்த பின்னரும் வயிற்றைத் திறக்க அஞ்சினர். 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்தில், அறுக்காது விடப்பட்டோரே கூடுதலாகப் பிழைக்கக் கண்ட பிரித்தானிய வைத்தியர் கத்தியைக் கீழே வைத்தனர். காயப்பட்டோர் நெடுந்தூரம் தாமதித்து வந்ததை எண்ணினால், பழி முழுதும் கத்திக்குரியதன்று. 1904-05 இல் யப்பானோடு ரஷ்யா பொருதபோது, வேரா கெட்ரோயிற்ஸ் என்னும் பெண் வைத்தியர் போர்முனைக்கு அண்மையில், புகையிரத வைத்தியசாலையில், சில மணி நேரத்துள் அறுத்துப் பலரைக் காத்தார். முதலாம் மகாயுத்தத்தில் ஏனையோரும் அவ்வழிக்கு வந்தனர்.

பெருங்குடலின் கதை வேறு. தையல் விட்டால் மலம் வயிற்றினுட் பரவும். எனவே காயத்தை வெளியே கொணர்ந்து வயிற்றில் மலவாயில் அமைக்குமாறு 1943 இல் அமெரிக்க இராணுவம் கட்டளையிட்டது. போர்க்களத்திற் பல உயிர்களைக் காத்த அக்கட்டளை, யுத்தம் முடிந்தபின்னும் நகர வைத்தியசாலைகளில் வேதவாக்காய் நின்றது. பீரங்கிக்கு எழுதிய விதி கத்திக்குத்துக்கும் பொருந்துமோ? குத்துப்பட்ட இளைஞர் மாதக்கணக்காகப் பையைச் சுமந்து, இரண்டாம் முறையும் அறுபட நேர்ந்தது. 1979 இல் ஸ்ரோன், பேபியன் என்னும் அமெரிக்கர் இருவர், தகுதியான நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு கூறாக்கிப் பார்த்தனர். உடனே தைத்து மூடப்பட்டவர்க்கே இடர் குறைவாயிருந்தது.

எனினும் இரத்தம் மிக வடிந்து உடல் குளிர்ந்தவனுக்கு நீண்ட தையல் ஆகாது. 1993 இற் பிலடெல்பியா வைத்தியர் எழுதிய முறைப்படி, ஒழுகும் குடலை இருபுறமும் கட்டி, இரத்தப்பெருக்கை அடக்கி, வயிற்றைத் தற்காலிகமாக மூடிவிடுவர். நோயாளியின் உடல் சூடேறி, இரத்தம் உறையுந்தன்மை மீண்டபின், ஓரிரு நாளில் மீளத் திறந்து குடலை இணைப்பர்.