மறுக்கப்பட்ட கோரிக்கை உடன்பாடாகுமா? ஏர் இந்தியா பணிப்பெண்களும் தொழிற்சங்கமும்

ஏர் இந்தியா பணிப்பெண்களின் குறைகளைப் பற்றி எழுதுவோர் நர்கீஸ் மீர்ஸா வழக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த வழக்கில், முதல் முறை கருவுற்றதும் வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1981 ஆகஸ்ட் 28 அன்று நீக்கியது. அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி முர்தசா ஃபசல் அலி, அதற்கு முந்தைய தொழிற்சங்க வரலாற்றை வாசித்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் வாசிப்பு இது: சங்கம் இரண்டு முறை தீர்ப்பாயம் ஏறியது, 1965இல் கோஸ்லா தீர்ப்பாயம், 1972இல் மகேஷ் தீர்ப்பாயம் எனத் தீர்ப்புகள் வந்தன, அவை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். விமானத்தில் பணிபுரியும் ஆண் பர்சர்களும் பணிப்பெண்களும் வெவ்வேறு பிரிவினர் என்பதற்கும் அந்த ஆவணங்கள் துணைநின்றன. ஆகவே பர்சர் 58 வயது வரை பறக்கலாம், பணிப்பெண் 35இல், நீட்டிப்பு கிடைத்தால் 45இல் இறங்க வேண்டும் என்பதில் பாகுபாடு இல்லை என்று அவர் கண்டார். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் முடித்தால் வேலை இல்லை என்ற விதியையும் குடும்பக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி நிலைநிறுத்தினார்.

கோஸ்லா தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. ஓய்வு வயதை உயர்த்தச் சொன்ன சங்கத்தின் கோரிக்கையை மறுக்கும் இடம். பலவகை மனப்போக்குள்ள பயணிகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. சங்கடமான நேரங்களில் இளமையும் கவர்ச்சியும் உடைய பணிப்பெண்ணால், வயது கூடியவளைவிட எளிதாகச் சமாளிக்க முடியும் என்ற நிர்வாகத்தின் வாதத்தை அது ஏற்கிறது. பணித்திறனைவிட இளமையும் தோற்றமுமே அங்கே முன்னிற்கின்றன. வயதானால் கவர்ச்சி போகும் என்ற வாதத்தை ஃபசல் அலியே பெண்மைக்கு அவமதிப்பு என்று கண்டித்தார். கண்டித்தவர், அந்த வாதத்தின் மேல் எழுந்த தீர்ப்பை மட்டும் கட்டுப்படுத்தும் என்று வைத்துக்கொண்டார். இந்த முரணைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

எக்கியார்குப்பத்திலிருந்து இதை எழுதுகிறேன். பக்கத்து மரக்காணம் உப்பளங்களில் பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலைச்சுமையாக வரப்புக்குக் கொண்டுவரும் பெண்களுக்கு ஓய்வு வயது என்று எதுவும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. ஆனால் அங்கே கேட்கப்படுவது சுமக்க முடிகிறதா என்பது மட்டுமே. விமானத்திலும், அவசரக் கதவைத் திறந்து பயணிகளை வெளியேற்ற முடிகிறதா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

என் வாதம் எளியது. சங்கம் ஒன்றைக் கேட்டது, தீர்ப்பாயம் மறுத்தது. மறுப்பைப் பெற்றவர்கள் அதற்கு உடன்பட்டவர்கள் ஆகமாட்டார்கள். பொதுக் கோரிக்கைப் பட்டியலில் பணிப்பெண்களின் வயது ஒரு வரி. அந்த வரி தோற்றபோது, பட்டியலில் வேறு எது வென்றது என்பது அவர்களுக்கு ஆறுதல் அல்ல. 1981இல் அவர்கள் சங்கத்தின் வழியாக அல்லாமல் தனித்தனி மனுதாரர்களாக நீதிமன்றத்தில் நின்றதை இந்த ஏமாற்றத்தின் அடையாளமாகவே படிக்கிறேன். சான்று மெலிந்தது என்பதை அறிவேன். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் 2003 தீர்ப்பு என் வாதத்தை இடறவைக்கிறது. பெண்கள் 50 வயதில் பறப்பதை நிறுத்தி, 58 வரை தரைப்பணியில் இருக்கலாம் என்ற ஏற்பாட்டை மும்பை உயர் நீதிமன்றம் பாகுபாடு என்றது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது ஏர் இந்தியா கேபின் குழுச் சங்கமே. உச்ச நீதிமன்றமும் சங்கத்தின் பக்கம் நின்றது. அந்தச் சங்கத்தில் இருந்த பணிப்பெண்கள் பலர் 50இல் தரையிறங்கும் வாய்ப்பைத் தாங்களே விரும்பினார்கள். பதவி உயர்வு பெற்றவர்களோ ஆண்களைப் போல 58 வரை பறக்கக் கேட்டார்கள். ஆகப் பெண்களின் குறை என்று ஒன்றே ஒன்று இருந்ததாக நானும் சொல்ல முடியாது.

குறை சங்கத்தின் கையிலிருந்து நீதிமன்றத்துக்கு நகர்ந்தது எந்த ஆண்டில் என்று சுட்டுவதற்கு இல்லை. ஆனால் நகர்ந்தபின் அது நிர்வாகத்துக்கு எதிராக மட்டும் நிற்கவில்லை. 2005 டிசம்பரில் விமானக் கண்காணிப்பாளர் பணி பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டபோது அதை எதிர்த்து வழக்காடியவர்கள் சக ஊழியர்களான ஆண் பணியாளர்கள். அவர்களது மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது.