எண்ணிக்கையும் செயலும்: குருதிப்போக்கு நோய்களிலும் இதய அறுவையிலும் தட்டணு பற்றிய கருத்து வளர்ச்சி

முன்னுரை

குருதியின் அணுக்களுள் மிகச் சிறியவை தட்டணுக்கள். நலமுள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் இவை ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை உள்ளன. காயம்பட்ட நாளத்தை முதலில் அடைப்பவை இவையே. குருதி நிற்காத நோயாளியின் தட்டணுக்களைக் குறித்து மருத்துவர்கள் எழுப்பிய வினா காலந்தோறும் மாறிவந்துள்ளது. அவை எத்தனை என்பது முதல் வினா. அவை செயல்படுகின்றனவா என்பது அடுத்தது. அவை செயல்படுவதற்கான சூழல் உள்ளதா என்பது மூன்றாவது. இவ்வினாக்களின் வளர்ச்சியையும் அதில் இதய அறுவை பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டறிதலும் எண்ணிக்கையும்

1865-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஷூல்ட்சே குருதியில் சிறுமணிகள் இருப்பதைப் பதிவு செய்தார். அவை பிற அணுக்களின் சிதைவுகள் என்றும், சிவப்பணுக்களின் இளநிலை என்றும் பலவாறு கருதப்பட்டன. இத்தாலியின் தூரின் நகரில் பணியாற்றிய ஜூலியோ பிட்சொசேரோ, உயிருள்ள விலங்கின் நுண்நாளங்களில் ஓடும் குருதியை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நாளச்சுவர் சிதைந்த இடத்தில் இவையே முதலில் ஒட்டித் திரள்வதைக் கண்டு, இவை குருதியின் தனிக்கூறு என்று 1882-இல் நிறுவினார்.

1910-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக், காது மடலில் சிறு கீறலிட்டு, கசியும் குருதியை ஒற்றுத்தாளால் அரை நிமிடத்திற்கு ஒருமுறை ஒற்றியெடுத்து, அது நிற்கும் நேரத்தை அளந்தார். தட்டணு மிகக் குறைந்தோரிடம் அந்நேரம் நீண்டது. குருதி ஏற்றித் தட்டணு பெருகியதும் குறைந்தது. குருதிப்போக்கிற்கும் தட்டணுக் குறைவிற்கும் உள்ள தொடர்பு இவ்வாறு சிகிச்சையின் வழியே வெளிப்பட்டது.

எண்ணிக்கை குறையாத குருதிப்போக்கு

எண்ணிக்கை மட்டும் போதிய விளக்கமாகவில்லை. 1918-இல் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் கிளான்ஸ்மன், தட்டணுக்கள் போதிய அளவில் இருந்தும் செயலற்றிருக்கும் பரம்பரை நோயை விவரித்தார். 1926-இல் பின்லாந்தின் எரிக் ஃபான் வில்லிபிராண்ட், ஓலாந்துத் தீவுக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தோறும் தொடர்ந்த குருதிப்போக்கைப் பதிவு செய்தார். அவர்களிடமும் தட்டணு எண்ணிக்கை குறையவில்லை. 1950-களில் சுவீடன் ஆய்வாளர்கள் நலமுள்ளோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஒரு கூறினைச் செலுத்தியபோது இந்நோயினரின் குருதிப்போக்கு நேரம் சீரடைந்தது. நாளச்சுவரில் தட்டணு ஒட்டுவதற்கு உதவும் புரதம் ஒன்றே இங்குக் குறைபட்டிருந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதய அறுவை எழுப்பிய சிக்கல்

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் 18 வயதுப் பெண்ணின் இதயத் துளையை மூடினார். 26 நிமிடங்கள் இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் இயந்திரமே செய்தது. இயந்திரத்தினுள் குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படும். இறுதியில் புரோட்டமின் கொண்டு அதன் விளைவு முறிக்கப்படும். அதன் பின்னரும் சிலரிடம் குருதி கசிந்துகொண்டே இருந்தது. குருதி நோய் ஏதுமின்றி வந்தவர், சில மணி நேரத்திற்குக் குருதிப்போக்கு நோயாளியானார்.

இயந்திரத்தை நிரப்பும் திரவத்தால் குருதி நீர்த்துத் தட்டணு குறைகிறது. செயற்கைப் பரப்புகளில் ஒட்டியும் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. ஆயினும் லாரன்ஸ் ஹார்க்கர் குழுவினர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணிக்கை ஒரு இலட்சத்திற்கு மேல் இருந்தும் குருதிப்போக்கு நேரம் பெரிதும் நீண்டிருந்தது. தட்டணுக்கள் தம் உள்மணிகளை முன்னரே வெளியேற்றித் தற்காலிகமாகச் செயலிழப்பதே காரணம் என்றனர். 1993-இல் கெஸ்டின் குழுவினர் இதனை மறுத்தனர். தட்டணுவில் பழுதில்லை, அதனைத் தூண்டும் பொருள்களே போதவில்லை என்பது அவர்கள் முடிவு.

முடிவுரை

இவ்விரு விளக்கங்களின் வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தட்டணு பழுதுற்றிருப்பின் கொடையாளரின் தட்டணுவை ஏற்றுவது பொருந்தும்; சூழலே காரணமெனின், அரிதாய்க் கிடைக்கும் அக்கொடை பயன்படாது போகலாம். கசிவு தையலிட்ட நாளத்திலிருந்து வருமாயின் மார்பை மீண்டும் திறக்க நேரிடும். இம்மூன்றையும் தட்டணு எண்ணிக்கையால் மட்டும் பிரித்தறிய இயலாது. ஆகவேதான், உறைகட்டியின் உறுதியை அளக்க ஜெர்மனியின் ஹெல்முட் ஹார்ட்டெர்ட் 1948-இல் அறிமுகப்படுத்திய முறை, பல பதிற்றாண்டுகளுக்குப் பின் இதய அறுவைக் கூடத்தில் இடம்பெற்றது. பரம்பரை நோயாளிகளிடம் எழுந்த வினாக்களே அறுவை மேசையில், உடனடி விடை வேண்டி, மீண்டும் எழுந்தன என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது.